பத்தடி தூரம்

‘காந்தி’ படம் பார்த்திருப்பீர்கள். 1982-ல் ரிச்சர்ட் அட்டன்பரோ எடுத்தது. பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்கவைத்துக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால், ஏதாவது ஓர் அக்டோபர் 2-ம் தேதி டி.வி-யில் பாதிப் படமாவது பார்த்திருப்பீர்கள். அதில் வைஸ்ராய் இர்வின் பிரபுவாக ஒரு பெரியவர் வருவார். நீளமான மூக்கு, நிமிர்ந்த முதுகு. காந்தி கடற்கரைக்கு நடந்துபோய் உப்பு எடுக்கப்போகிறார் என்ற சேதியை அவர் எதிர்கொள்ளும் அலட்சியம் இருக்கிறதே... அந்த ஒரு முகத்தில் மொத்த சாம்ராஜ்யமும் தெரியும். இரண்டொரு காட்சிதான். ஆனால், மறக்காது.

அந்தப் பெரியவரின் பெயர் ஜான் கீல்குட். பெயர் வாயில் நுழையாவிட்டால் கவலைப்படாதீர்கள். இங்கிலாந்துக்காரர்களே கொஞ்சம் தடுமாறித்தான் சொல்வார்கள். அப்பா வழியில் போலந்து, லித்துவேனியா பக்கத்து வேர்.

இந்த வாரம் அவருடைய நடிப்பைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. அவர் நடிக்க முடியாமல் நின்ற ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்கிறேன். 1953, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம். நாடகக் கொட்டகை நிறைந்திருக்கிறது. மேடைக்குள் நுழையவேண்டிய கட்டம் வந்துவிட்டது. சைடு விங்கில் நிற்கிறார் கீல்குட். அங்கிருந்து வெளிச்சத்துக்குப் போக ஒரு பத்தடி இருக்குமா? அந்தப் பத்தடியை அவரால் நடக்க முடியவில்லை.

ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, ஆள் யார் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1904-ல் லண்டனில் பிறந்தவர். பிறந்ததே நாடகக் குடும்பம். விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்தே கொண்டாடிய நடிகை எலன் டெர்ரி, இவருடைய பாட்டியின் தங்கை. ஆனால், ரத்தத்தில் நடிப்பு இருந்தால் போதுமா? நாடகப் பள்ளியில் சேர்ந்த புதிதில், ‘ரிக்கெட்ஸ் வந்த பூனை மாதிரி நடக்கிறாய்’ என்றார் ஆசிரியை. இளைஞராக ரோமியோ வேஷம் கட்டியபோது, அவர் கால்களைப் பார்த்து ஒரு விமரிசகர் நக்கலடித்து எழுதினார். நடை அவருக்கு எப்போதுமே பிரச்னைதான். அதை ஈடுகட்ட அவரிடம் இருந்தது குரல். ஷேக்ஸ்பியரின் வரிகளை அவர் சொன்னால், கடைசி வரிசையில் மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அர்த்தம் புரியும் என்பார்கள். 1930-ல், 26 வயதில் ஹாம்லெட் ஆனார். அதன்பிறகு வெவ்வேறு தயாரிப்புகளில் ஐந்நூறு தடவைக்கு மேல் ஹாம்லெட்டாக நின்றிருக்கிறார். லாரன்ஸ் ஒலிவியர், ரால்ஃப் ரிச்சர்ட்சன், ஜான் கீல்குட் என்று மூன்று பெயரையும் சேர்த்தே சொல்வார்கள் அந்த ஊரில். நம் ஊரில் ‘மும்மூர்த்திகள்’ என்போமே, அப்படி.

மற்ற இருவருக்கும் 1947-லேயே ‘சர்’ பட்டம் கிடைத்துவிட்டது. இவருக்கு மட்டும் இல்லை. ஆறு வருஷம் காத்திருந்து, 1953 ஜூன் மாதம், எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவை ஒட்டிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு, ‘ஜூலியஸ் சீஸர்’ திரைப்படத்தில் மார்லன் பிராண்டோவுடன் காசியஸாக வந்தார். 49 வயது. உச்சி என்பார்களே, அது.

ஐந்து மாதம்கூட நீடிக்கவில்லை.

அக்டோபர் 20 இரவு. லண்டனில் செல்ஸீ பகுதி. ஒரு பொதுக் கழிப்பிடத்தில் இன்னொரு ஆணை அணுகினார் என்று மஃப்டி போலீஸ் அவரைப் பிடித்தது. கீல்குட் தன்பாலின ஈர்ப்பு உள்ளவர். நாடக உலகில் பலருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். அப்போது இங்கிலாந்தில் அது குற்றம். அந்த வருடங்களில் போலீஸ் இதற்கென்றே ஆட்களை மாறுவேஷத்தில் அனுப்பி வலை விரித்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டார். 10 பவுண்டு அபராதம். இங்கிருந்து போனதும் நேராக டாக்டரைப் போய்ப் பார் என்று மாஜிஸ்திரேட் உபதேசம் வேறு.

ஒரு விஷயத்தை இங்கே கவனியுங்கள். கேஸில் அவர் கொடுத்த பெயர் ஆர்தர் கீல்குட். பொய் என்று சொல்ல முடியாது, முழுப்பெயர் ஆர்தர் ஜான் கீல்குட்தான். தொழில் என்ன? ‘குமாஸ்தா.’

சாம்ராஜ்யத்தின் மகா நடிகர், ராஜாக்களையும் இளவரசர்களையும் நடித்துத் தீர்த்தவர், ஒளிந்துகொள்ள இடம் தேடியபோது அவர் கையில் கிடைத்த வேஷம் ஒரு குமாஸ்தா. இதைப் பற்றிப் பிறகு பேசுவோம். மறந்துவிடாதீர்கள்.

வேஷம் பலிக்கவில்லை. கோர்ட்டில் இருந்த ஒரு பத்திரிகைக்காரர் அடையாளம் கண்டுகொண்டார். அன்று மாலைப் பத்திரிகையிலேயே வந்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? பட்டத்தைப் பிடுங்கு என்றார்கள். வெளிநாட்டுக்கு ஓடிப்போ என்றார்கள். நடிகர் சங்கத்திலிருந்து அவரை விலகச் சொல்லி, சக நடிகர் ஒருவரே கையெழுத்து வேட்டை நடத்தினார் என்றும், ஒலிவியரிடம் போனபோது அவர் கதவைக் காட்டி அனுப்பினார் என்றும் சொல்வார்கள்.

அது விளையாட்டான காலம் இல்லை. இதற்கு ஒரு வருடம் முன்னால்தான், 1952-ல், ஆலன் டூரிங் என்ற கணித மேதைக்கு இதேபோன்ற விவகாரத்தில் தண்டனை கொடுத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்களின் ரகசியச் சங்கேதங்களை உடைத்ததில் பெரும்பங்கு அவருக்கு. ஜெயில் வேண்டாமென்றால் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள் என்றது சட்டம். போட்டுக்கொண்டார். 1954 ஜூனில் தன் வீட்டில் சயனைடு விஷத்தில் இறந்துகிடந்தார், 41 வயதில். டூரிங்குக்குக் கொட்டகை இல்லை, ரசிகர்கள் இல்லை.

கீல்குட் அப்போது ‘எ டே பை தி ஸீ’ என்ற நாடகத்தின் ஒத்திகையில் இருந்தார். என்.சி.ஹன்ட்டர் எழுதியது. இயக்குநரும் இவர்தான், நடிப்பதும் இவர்தான். லண்டனுக்கு வருமுன் வெளியூர்களில் போட்டுப் பார்ப்பார்கள். முதல் ஊர் லிவர்பூல். கூட நடித்தவர்களில் ஒருவர் சிபில் தார்ன்டைக். பெர்னார்ட் ஷா தன்னுடைய ‘செயின்ட் ஜோன்’ நாடகத்தை இந்த அம்மாளை மனதில் வைத்துத்தான் எழுதினார். இந்த நாடகத்தில் அவருக்குக் கீல்குட்டின் அம்மா வேஷம். அந்த வாரம்தான் 71 வயது முடிந்திருந்தது.

செய்தி வெளியானபிறகு கீல்குட் ஒத்திகைக்கு வந்தபோது என்ன நடந்தது என்று ஒரு கதை உண்டு. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க, தார்ன்டைக் மட்டும் நேராக அவரைப் பார்த்து, “ஏம்ப்பா ஜான், இப்படியா கூமுட்டைத்தனமா நடந்துப்பே!” என்கிற ரீதியில் ஒரு போடு போட்டாராம். ஆங்கிலத்தில் அவர் சொன்ன வார்த்தை இன்னும் காரமானது. நம் பத்திரிகையில் போட முடியாது. எனக்கு இந்தத் திட்டு ரொம்பப் பிடிக்கும். பரிதாபப்பட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசியிருந்தால் அந்த மனுஷன் அங்கேயே நொறுங்கியிருப்பார். வீட்டுப் பிள்ளையைத்தானே திட்டுவோம்?

அப்புறம் லிவர்பூல் ராத்திரி.

இதைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிச் சொல்கிறார்கள். சாராம்சம் ஒன்றுதான். கீல்குட் விங்கில் உறைந்துபோய் நிற்கிறார். வெளியே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. ஊளையிடலாம். எழுந்து வெளியேறலாம். எதையாவது வீசலாம். அவர் நுழையவேண்டிய இடம் தாண்டிக்கொண்டிருக்கிறது. தார்ன்டைக் வந்து அவர் கையைப் பிடித்தார். “வா கண்ணா, என்னைப் பார்த்து யாரும் கூச்சல் போடமாட்டாங்க” என்று காதோடு சொல்லி, அப்படியே வெளிச்சத்துக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

ஒரு கணம் நிசப்தம் இருந்திருக்கும், எவ்வளவு நீளமான கணமோ. பிறகு கூட்டம் எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்தது. தட்டிக்கொண்டே இருந்தது.

சினிமாவாக இருந்தால் இங்கே ‘சுபம்’ போட்டுவிடலாம். எனக்கு ஆரம்பிப்பதே இங்கேதான்.

உங்களுக்குத் தெரிந்த ஒருவர் தலைகுனிந்து நிற்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? செய்தீர்கள்? யோசித்துப் பாருங்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் ஒரு நண்பர். பணம் குறைகிறது என்று அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணை எட்டு மாதம் இழுத்தது. நடுவில் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு அந்தப் பக்கத்தில் என்ன செய்தி இருந்தது என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது. பேப்பருக்குக் கீழே தெரிந்த அவர் செருப்பு மட்டும் ஞாபகம் இருக்கிறது. கொஞ்சநேரம் நின்றது, அப்புறம் நகர்ந்துபோனது.

கடைசியில் அவர்மேல் தப்பில்லை என்று ஆகி, வேலைக்குத் திரும்பினார். அந்தக் காலையில் நாங்கள் பதினைந்து பேரும் ஃபைலுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். வாசலிலேயே நின்றுவிட்டார் மனுஷர். கூட்டிப் பெருக்கும் ஆயா ஒருத்திதான், “வந்துட்டியா சாமி? வா வா, உன் மேசையை நேத்தே தொடைச்சு வெச்சிட்டேன்” என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள். அவள் பின்னாலேயே அவரும் நடந்துபோய் உட்கார்ந்தார். லிவர்பூல் சம்பவத்தை முதலில் படித்தபோது எனக்கு அந்த ஆயா ஞாபகம்தான் வந்தது.

நீங்கள் ஒன்று கேட்கலாம். உங்கள் நண்பர் நிரபராதி. கீல்குட் அப்படி இல்லையே, அவரே ஒப்புக்கொண்டாரே? சரியான கேள்வி. நானும் ரொம்பநாள் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப்பில் நான் பேப்பரைத் தூக்கியதற்கு வைத்திருந்த சமாதானமும் இதுதானே? ‘தீர்ப்பு வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்.’ ஆயா தீர்ப்புக்குக் காத்திருந்தாளா? அந்த எட்டு மாதமும் அவள் அவர் மேசையைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள். நான் பார்த்திருக்கிறேன். ‘எதுக்கு வேலை மெனக்கெட்டு...’ என்று கேலிகூடச் செய்திருக்கிறேன்.

தார்ன்டைக் அன்றைக்கு கீல்குட் செய்தது சரி என்று அறிக்கை விடவில்லை. தவறு என்றும் ஒதுங்கவில்லை. சட்டத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதே அந்த நிமிஷத்தில் முக்கியமில்லை. ஒரு மனிதன் பத்தடி நடக்க முடியாமல் நிற்கிறான். தன்னிடம் ஐம்பது வருஷமாகச் சேர்த்துவைத்த மரியாதை இருக்கிறது. அதில் பாதியை அவனுக்குக் கொடுத்துக் கூட்டிப்போகலாம். ‘என்னைப் பார்த்துக் கூச்சல் போடமாட்டாங்க’ என்ற வார்த்தையின் பொருள் அதுதானே? போட்டிருந்தால் அவர்மேலும்தான் விழுந்திருக்கும். ஆறுதல் சொல்பவர்கள் பெரும்பாலும் விங்கிலேயே நின்றுகொண்டு, ‘போ, ஒண்ணும் ஆகாது’ என்று தள்ளிவிடுவார்கள். அந்த அம்மாள் கூடவே போனார்.

இப்போது கைதட்டலுக்கு வருவோம். அவர்கள் கீல்குட்டை மன்னித்தார்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வார்த்தை இடிக்கிறது. மன்னிக்க அவர்கள் யார்? அவர் அவர்களுக்கு என்ன கெடுதல் செய்தார்? யாருடைய பணத்தை எடுத்தார், யாரை அடித்தார்? யாருக்கும் நஷ்டமில்லாத ஒன்றைக் குற்றம் என்று எழுதிவைத்துவிட்டு, பிறகு பெருந்தன்மையாக ‘போனால் போகிறது’ என்பது கருணையில் சேர்த்தியா என்பது எனக்கு சந்தேகமாகத்தான் இருக்கிறது. அன்று எழுந்து நின்றவர்களில் சிலருக்காவது இது புரிந்திருக்கும் என்று நம்புகிறேன். மற்றவர்கள் தங்களுக்குப் பிடித்த நடிகருக்காகத் தட்டினார்கள். அதையும் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால், அந்தக் குமாஸ்தாவை மறக்க வேண்டாம் என்றேனே, அவனை யோசியுங்கள். கீல்குட் இட்டுக்கட்டிய குமாஸ்தா இல்லை, நிஜக் குமாஸ்தா. அந்த வருடங்களில் அதே மாதிரி மஃப்டி போலீஸிடம் மாட்டி, அதே மாதிரி அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்த எத்தனையோ பேர். அவனுக்கு மறுநாள் ஆபீஸில் யார் கைதட்டியிருப்பார்கள்? சீட்டைக் கிழித்திருப்பார்கள். வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்லியிருப்பார். ஊரில் இருக்கிற அம்மாவுக்கு யாராவது கடுதாசி போட்டிருப்பார்கள். பெரியவர்களுக்குக் கிடைக்கிற கைதட்டல், சின்னவர்களுக்கான நியாயம் ஆகிவிடாது. அவர்களுக்குச் சட்டம் மாறினால்தான் உண்டு.

தார்ன்டைக்கின் கை அந்தக் குமாஸ்தாவுக்கும் நீண்டிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆதாரம் இல்லை; ஆனால், உலக யுத்தத்தின்போது வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்க ஊர்களுக்குப் போய், தொழிலாளிகள் நடுவே ஷேக்ஸ்பியரும் கிரேக்க நாடகமும் போட்ட அம்மாள் அவர். ஆள் பார்த்து மதிக்கிற ஜாதி இல்லை.

கைதட்டலால் கீல்குட்டுக்கும் குணமாகிவிடவில்லை. நாடகம் லண்டனுக்கு வந்தது, நன்றாகவே ஓடியது. சில மாதங்களில் அவர் மனம் உடைந்து படுத்துவிட்டார். ஆயிரம் பேர் எழுந்து நின்று தட்டியும் உள்ளே ஒரு குரல் ஊளையிட்டுக்கொண்டே இருந்திருக்கும் போலிருக்கிறது. தேறி வந்தார். அதன்பிறகு நாற்பத்தாறு வருஷம் வாழ்ந்தார். அந்த இரவைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை பேசவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கீல்குட் உளறுவாய்க்குப் பேர்போனவர். யாரைப் பற்றி யாரிடம் பேசுகிறோம் என்பதே தெரியாமல் எதையாவது சொல்லிவிட்டு விழிப்பார். அந்த உளறல்களைத் தொகுத்துச் சிரிப்பதே லண்டன் நாடகக்காரர்களுக்குப் பொழுதுபோக்கு. அப்படிப்பட்ட வாய் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பூட்டிக்கொண்டது. அவர் பேசியிருக்கலாமே, பலருக்கு தைரியம் வந்திருக்குமே என்று பின்னால் வந்தவர்கள் குறைப்பட்டதுண்டு. நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். காயத்தைக் காட்டித்தான் ஆகவேண்டும் என்று அடுத்தவனைக் கட்டாயப்படுத்த நமக்கு என்ன உரிமை?

சட்டம் மெல்ல நகர்ந்தது. 1954-ல் வுல்ஃபென்டன் தலைமையில் கமிட்டி போட்டார்கள். 1957-ல், வயதுவந்த இருவர் சம்மதத்தோடு தனிமையில் இருப்பதில் சட்டத்துக்கு வேலையில்லை என்று அது சொன்னது. அதைச் சட்டமாக்க இன்னும் பத்து வருஷம். 1967-ல்தான் இங்கிலாந்தில் மாறியது. டூரிங்குக்கு 2013-ல் ராணியின் மன்னிப்பு வந்தது, செத்து ஐம்பத்தொன்பது வருஷம் கழித்து. மறுபடியும் அதே வார்த்தை, மன்னிப்பு!

நமக்கும் இதில் பங்கு உண்டு. இதே வெள்ளைக்காரன் 1860-ல் நமக்கு எழுதிக்கொடுத்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவை, அவன் ஊரில் மாற்றிய பிறகும் பத்திரமாகப் பாதுகாத்தோம். 2018 செப்டம்பர் 6-ம் தேதிதான், சம்மதத்தோடு நடப்பதற்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘காந்தி’ படத்தில் வைஸ்ராயாக நின்று அந்த சாம்ராஜ்யத்தின் கர்வத்தை முகத்தில் காட்டியவர், அதே சாம்ராஜ்யத்தின் சட்டத்தால் கூண்டில் நிறுத்தப்பட்டவர். அடுத்தமுறை பார்க்கும்போது அந்த முகத்தை இன்னொருதரம் பாருங்கள்.

பிற்காலம் அவருக்கு நன்றாகவே இருந்தது. ‘ஆர்தர்’ என்ற காமெடிப் படத்தில் வேலைக்காரராக வந்து, 1982-ல் ஆஸ்கர் வாங்கினார். 1994-ல் லண்டனில் ஒரு தியேட்டருக்கே அவர் பெயரை வைத்தார்கள். 2000-ம் ஆண்டு மே 21-ம் தேதி, 96 வயதில் இறந்தார்.

சாவதற்குச் சில வாரங்கள் முன்பு கடைசியாக ஒன்றில் நடித்தார். சாமுவேல் பெக்கெட் எழுதிய ‘கேடஸ்ட்ரஃபி’ என்ற குட்டி நாடகம். டேவிட் மாமெட் அதைப் படமாக எடுத்தார். ஒரு வயசாளி மேடைமேல் ஒரு பீடத்தில் நிற்கிறார். டைரக்டர் அதிகாரமாக உத்தரவு போடப் போட, உதவியாளர் பெண் அவர் மேலங்கியைக் கழற்றுகிறாள், கையை இப்படி வை அப்படி வை என்கிறாள், தலையைக் குனியவைக்கிறாள். அவமானத்தின் பொம்மையாக நிற்பது மட்டும்தான் அவர் வேலை. வசனமே கிடையாது. இங்கிலாந்தின் மகா குரலுக்குக் கடைசி வேஷம், ஒரு வார்த்தைகூட இல்லாதது.

பெக்கெட் எழுதிவைத்த முடிவு இது. எல்லாம் தயார் ஆனதும், தூரத்தில் கூட்டம் கைதட்டுகிறது. அப்போது அந்தக் கிழவர், யாரும் சொல்லாமலே, குனிந்த தலையை மெல்ல நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்க்கிறார். கைதட்டல் தடுமாறி, நின்றுபோகிறது.